மொய்க்கு பில் கிடையாது

எங்கள் வீட்டு பீரோவில், நிலப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இருக்கிற தட்டில், ஒரு ஜவுளிக்கடை கவர் பத்து மாதமாகக் கிடக்கிறது. உள்ளே மூன்று பில், ஒரு மகளிர் குழுக்கடன் அட்டையின் ஜெராக்ஸ், ஒரு காதுகுத்துப் பத்திரிகை. எதுவும் எங்களுடையது அல்ல. இந்தக் குப்பை எதற்கு இங்கே என்று மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. ஏன் வைத்திருக்கிறேன் என்று சொல்லவும் வரவில்லை. நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். பில் இல்லாமல் ஒரு ரூபாய் நகர்ந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் புத்தியால் வந்த வினைதான் இந்தக் கவர்.

2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் பக்கம் என்ன ஆனது என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் கடலூர் பக்கம் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறவர்களைப் புயல் அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. மழை ஓய்ந்து, அப்பாடா என்று துணி காயப்போட்ட பிறகு வந்த தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போனது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்தார்கள். அது இங்கே வந்து சேர்ந்தபோது நாணமேடு, உச்சிமேடு பக்கமெல்லாம் தீவாகிவிட்டது. என் அம்மா பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தான். ஊர்ப் பெயர் வேண்டாம், சின்ன ஊர், யாரென்று தெரிந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு அக்கா. என் தாத்தா காலத்தில் எங்கள் நிலத்துக்கு நடவுக்கும் களைக்கும் வந்தவரின் மகள். நிலத்தை எப்போதோ விற்றாகிவிட்டது, பழக்கம் மட்டும் விடவில்லை. நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார், ஆனால் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். வீட்டுக்காரர் பாண்டிச்சேரி பக்கம் கொத்தனாரிடம் சித்தாள் வேலை. மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. வீடு என்பது ஒரு பழைய தொகுப்பு வீடும் அதை ஒட்டி இறக்கிய கீற்றுச் சாய்ப்பும். தண்ணீர் வந்த அன்று மார்பளவு நின்றதாம். பிள்ளைகளை மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது சாய்ப்பும் இல்லை, அதில் கட்டியிருந்த இரண்டு ஆடும் இல்லை. கயிறு மட்டும் முளைக்குச்சியில் இருந்தது என்று போனில் சொன்னார். அழவில்லை. கயிறு புதுசு என்று மட்டும் சொன்னார்.

தையல் மெஷின்

கல்லூரியில் ஒன்றாகப் படித்த எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். பிறந்தநாள் வாழ்த்தும் பழைய ஜோக்கும் ஓடுகிற குழு. வெள்ளம் வந்த வாரம் அதிசயமாக ஒரு நல்ல காரியம் பேசி, 60,000 ரூபாய் சேர்த்தோம். நாலு குடும்பம், தலைக்கு 15,000. சேர்க்க இரண்டு நாள் ஆனது, எப்படிக் கொடுப்பது என்று சண்டை போட ஒன்பது நாள் ஆனது. மளிகை சாமானாக வாங்கிக் கொடுக்கலாம் என்றான் ஒருவன். தையல் மெஷின் கொடுத்தால் காலத்துக்கும் பிழைப்பு என்றான் இன்னொருவன். குவைத்தில் இருக்கிறவன் ஒரு ஆடியோ போட்டான்: "காசா குடுத்தீங்கன்னா அது நேரா முள்ளோடையில போயி நிக்கும்டா." முள்ளோடை எதற்குப் பேர்போனது என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், புதுச்சேரி எல்லையில் இருக்கிற சாராயக்கடைகளுக்கு. எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

மளிகை சாமான் அந்த வாரம் ஊருக்குள் மலையாகக் கிடந்தது. பிரெட் பாக்கெட்டைப் பிள்ளைகளே வேண்டாம் என்கிற நிலைமை. பழைய துணி மூட்டை பள்ளிக்கூடத் திண்ணையில் நனைந்து நாறியது, அதில் கோட்டு சூட்டு கூட இருந்தது. தையல் மெஷினைப் பொறுத்தவரை ஒரு சங்கடம், அது அக்கா வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஏதோ ஒரு அமைப்பு வந்து கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனது. அக்காவுக்குத் தைக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளலாம் என்றால் காலை ஆறரைக்கு வயலில் இறங்குகிறவர் எப்போது கற்றுக்கொள்வது? அதன் மேல் பலகை போட்டு அரிசிப் பானை வைத்திருந்தார். இந்த வெள்ளத்தில் அந்தப் பானை நனையாமல் தப்பித்தது, அந்த வகையில் மெஷின் உபயோகப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குப் போன் போட்டு என்ன வேணும் என்று கேட்டேன். "எதுவா இருந்தாலும் சரி தம்பி" என்றார். இந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கோபம் வருவதுண்டு, வாயைத் திறந்து கேட்டால்தான் என்ன என்று. மூன்றாவது முறை கேட்டபோது, குரலை இறக்கி, "காசா குடுத்தாலும் பரவால்ல" என்றார். அந்த 'உம்'மை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். முள்ளோடை ஆடியோவுக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்றுதான். கிடைத்தது. ஏழைகளுக்குக் காசாகக் கொடுத்தால் சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் போகிறதா என்று உலகெங்கும் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கியில் இருந்த டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கூடவில்லை, பல இடங்களில் குறைந்திருக்கிறது. நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தில், இந்தூர் பக்கம் எட்டுக் கிராமங்களில், 2011-ல் சேவா என்ற பெண்கள் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து செய்து பார்த்த ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு மாதம் 200, பிள்ளைகளுக்கு 100, பிறகு 300, 150 என்று ஆக்கினார்கள். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் கிடையாது. ஜனங்கள் ஆடு மாடு வாங்கினார்கள், கடனைக் குறைத்தார்கள். கென்யாவில் சியாயா என்கிற பகுதியில் 10,500 குடும்பங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர் அளவுக்கு 'கிவ்டைரக்ட்லி' என்ற அமைப்பு கொடுத்திருக்கிறது. 653 கிராமங்களைப் பார்த்து ஆய்வு எழுதியவர்கள், கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தில் இரண்டரை டாலர் அளவுக்கு வியாபாரம் நடந்தது என்கிறார்கள். காசு வாங்காத வீடுகளும் பிழைத்தன, விலைவாசி ஏறவே இல்லை என்று சொல்லலாம்.

இதையெல்லாம் குழுவில் போட்டேன். யாரும் படிக்கவில்லை. சரி, சண்டையை முடிக்க நானே ஒரு வழி சொன்னேன்: காசாகவே கொடுப்போம், ஆனால் எதற்குச் செலவழித்தாலும் பில் வாங்கி வைக்கச் சொல்வோம். எல்லோரும் கட்டை விரல் தூக்கினார்கள். எனக்கு அன்று பெருமையாகவே இருந்தது. அக்காவிடமும் சொன்னேன், "சும்மா ஒரு கணக்குக்குத்தான்க்கா." அவர் "அதுக்கென்ன தம்பி, வாங்கி வச்சிடுறேன்" என்றார்.

கவர்

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். சாய்ப்பு இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, என் சட்டைப் பை உயரத்துக்கு, இன்னும் காயாமல். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். மேலே உட்காருங்கக்கா என்றால் கேட்கிற ஆள் இல்லை. டீ வந்தது. டீ குடிக்கும் முன்னாலேயே மகளிடம் கண்ணைக் காட்ட, அவள் உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த கவரை எடுத்து வந்தாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில் படிக்க ஆரம்பித்தாள்.

மளிகையும் தம்பி நோட்டும் 870. தார்ப்பாய் 1,650. கடைப் பழைய பாக்கி 7,200. குழு தவணை 1,340, இரண்டு தடவை, 2,680. பெரியப்பா பேரன் காதுகுத்து மொய் 1,000. ஆக மொத்தம் 13,400. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அக்கா கவரிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். கடைப் பாக்கிக்கு ஒரு கால் தாளில் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் வைத்து வாங்கியிருந்தார். குழு அட்டையை இரண்டு ரூபாய் கொடுத்து ஜெராக்ஸ் போட்டிருந்தார். மொய் வந்தபோது ஒரு காதுகுத்துப் பத்திரிகையை நீட்டினார். நான் முழித்தேன். "மொய்க்கு பில்லு கிடையாதுன்னுட்டாங்க தம்பி. நோட்டுலதான் எழுதிக்கிட்டாங்க. அதான் பத்திரிகைய எடுத்து வச்சேன்."

கேட்டிருக்கிறார். மண்டப வாசலில் நோட்டோடு உட்கார்ந்து மொய் எழுதுகிற பங்காளியிடம், நாலு பேர் வரிசையில் நிற்கும்போது, பில் கேட்டிருக்கிறார். மதுரைப் பக்கம் மொய்க்குக் கம்ப்யூட்டர் ரசீது வந்துவிட்டது என்கிறார்கள், எங்கள் பக்கம் இன்னும் மஞ்சள் தடவிய நோட்டுதான்.

எல்லாவற்றையும் கொடுத்த பிறகு ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுகளைத் தாள்களின் மேல் வைத்தார். "மீதி 1,600 இருக்கு, எண்ணிப் பாத்துக்குங்க."

நான் எண்ணவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மட்டும் புத்தி இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது எரிச்சல்தான். ஆடு வாங்குவார் என்று நினைத்திருந்தேன். நாங்கள் எட்டுப் பேருமே மனசுக்குள் ஒரு ஆட்டுப் போட்டோவுக்குக் காத்திருந்தோம். அதற்குப் பதிலாகக் கடைக்காரன் பாக்கி, குழு தவணை, மொய் என்று வாட்ஸ்அப்பில் எப்படிப் போடுவது? "ஆடு வாங்கலையாக்கா?" என்று கேட்டேன். "பாத்துக்கலாம் தம்பி" என்றார். மகள் நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் அந்தக் கடையில் நின்று ஒரு பன்னீர் சோடா குடித்தேன். கடைக்காரர் என்னை அடையாளம் தெரிந்து பேசினார். நல்ல மனுஷன்தான். "நீங்கதான் சார் அந்த அக்காவுக்கு ஒத்தாச பண்ணதாமே? எனக்கு எப்படித் தெரியும்கிறீங்க? அரிசி எண்ணெ வாங்கிட்டு பில்லு குடுன்னுச்சு. இத்தனை வருஷத்துல எங்கிட்ட யாரும் பில்லு கேட்டதில்ல சார், எனக்கு பில் புக்கே கெடையாது. எதுக்கும்மான்னு கேட்டேன். இந்த மாதிரி தம்பி பணம் குடுத்திருக்காரு, கணக்குக் காட்டணும்னுச்சு. சரி, பணம்தான் வந்திருக்கே, பாக்கிய முடிச்சுடும்மான்னேன்." அதே தெருவில்தான் குழுத் தலைவியின் வீடும். வெள்ளத்துக்காக ஒரு மாதம் தவணை பொறுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தவர்கள், சேதி தெரிந்ததும் மறுநாளே வந்து இரண்டு தவணையைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

சோடா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி. 7,200-ம் 2,680-ம் 9,880. மறுவாரம் மகளிடம் போனில் பேச்சுவாக்கில் கேட்டபோது சொன்னாள்: குள்ளஞ்சாவடி பக்கத்து ஆள் ஒருவரிடம் அம்மா இரண்டு பெட்டைக் குட்டி பேசி வைத்திருந்ததாம், 9,000-க்கு.

கடைக்காரர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் கடைக்குள்ளும் தண்ணீர் வந்தது, பிரிட்ஜ் போனது, மூட்டை மூட்டையாக அரிசி ஊறிப் போனது. அந்த 7,200-ஐ வைத்து அவர் சரக்கு எடுத்திருப்பார், அதில் யாருக்காவது கடனும் கொடுத்திருப்பார். கென்யாக் கணக்குப்படி பார்த்தால் அந்தக் காசும் ஊருக்குள்தான் சுற்றியது. பாக்கி தீர்ந்ததால் அக்கா இப்போது அந்தக் கடையில் தலை நிமிர்ந்து நிற்கலாம், விலை அதிகம் என்றால் வேறு கடைக்கும் போகலாம் என்றுகூட வாதம் பண்ணலாம். நானே எனக்குள் பண்ணிப் பார்த்தேன். ஆனால் அதை எப்போது அடைப்பது, ஆடு வாங்கி அது குட்டி போட்ட பிறகா முன்னாலா என்று முடிவு செய்கிற இடத்தில் அக்கா இருந்திருக்க வேண்டும். பில் கேட்டு அந்த இடத்திலிருந்து அவரை எழுப்பிவிட்டது நான்.

பதினைந்தாம் தேதி

அந்தத் தொலைந்துபோன இரண்டு ஆடும் எப்படி வந்தன என்று நான் கேட்டதே இல்லை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன். அரசின் மகளிர் உரிமைத் தொகைக் காசு, மாதம் ஆயிரம். 2023 செப்டம்பர் 15-ல் ஒரு கோடிக்கும் மேலான பெண்களுக்கு ஆரம்பித்தார்களே, அதில் முதல் மாதத்திலேயே அக்காவுக்கு வந்துவிட்டது. அந்த முதல் ஆயிரத்திலேயே கை வைத்த வங்கிகளும் உண்டு, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்துக்கொண்டார்கள், அமைச்சர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா தப்பித்தார். மாதம் 500-ஐ தீபாவளிச் சீட்டு மாதிரி தெருவில் ஒருவரிடம் கட்டி, நடுவிலேயே எடுத்து ஒரு குட்டி வாங்கினார். ஆடி மாதம் இன்னொன்று. மிச்ச 500 வீட்டுச் செலவு.

ஆயிரம் ரூபாய் என்ன பெரிய காசா என்று நானே பேசியிருக்கிறேன். ஒரு சிலிண்டர் வாங்கினால் மீதி கொஞ்சம்தான். ஓட்டுக்குக் கொடுக்கிற காசு என்று டீக்கடையில் பேசுவார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். அக்கா அதைப் பற்றிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது தொகை இல்லை, அவர் தேதியைச் சொன்ன விதம். மாதத்தில் பதினைந்தாம் தேதி என்று ஒன்று இருக்கிறது. வயல் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நூறு நாள் வேலைக் கூலி 2025 ஆரம்பத்தில் எத்தனை மாதம் வராமல் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் சனிக்கிழமை கூலி வாங்கினால் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பது சனிக்கிழமை ராத்திரிதான் தெரியும். இத்தனைக்கும் நடுவில் யாரையும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், 'மெசேஜ் வந்துடுச்சா' என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்தால் போதும் என்கிற மாதிரி ஒரு வரவு. வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டாராம். "அது எம்பேர்ல வர்றது" என்றாராம். அதற்கு மேல் பேச்சில்லை.

வீட்டுக்காரர் குடிக்கிறவர்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆயிரம் ரூபாய் வருவதற்கு முன்னாலும் குடித்தார், இப்போதும் குடிக்கிறார். தன் கூலியில். முள்ளோடைக்குப் போகிற காசுக்கும் அக்கா கணக்கில் விழுகிற காசுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. குவைத் நண்பனுக்கு அதை விளக்கிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

இதில் இன்னொன்று உறுத்துகிறது. 2020-ல் பிஎம்-கிசான் பணத்தில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கும். விவசாயிகளுக்கு வருஷம் 6,000 என்று வந்த திட்டத்தில், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியே இல்லாதவர்களை லட்சக்கணக்கில் சேர்த்து, 110 கோடி ரூபாய் போனது. போனது பாஸ்வேர்டு வழியாக, கம்ப்யூட்டர் சென்டர் வழியாக. பட்டியலில் இருந்த பெரும்பாலோருக்கு யார் தங்களைச் சேர்த்தார்கள் என்றே தெரியாது. அப்போது நான் ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகமில்லை. கணக்குக் கேட்க எனக்கு வாய்த்த இடம் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்ணிடம்.

அரிசிக் காசு

காசாகக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுத வரவில்லை. அக்காவின் தங்கையை பாகூர் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. சைக்கிளில் இருபது நிமிஷம். ஆனால் நடுவில் மாநில எல்லை. அக்கா கார்டுக்கு ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி, இலவசம். தங்கைக்குப் புதுச்சேரி சிவப்பு அட்டை, ஏழைக் குடும்பங்களுக்குத் தருவது. 2024 தீபாவளிக்கு முன்பு வரை அதில் அரிசி கிடையாது, அதற்குப் பதில் கணக்கில் 600 ரூபாய். ரேஷன் கடையையே வருஷக்கணக்காக மூடி வைத்திருந்தார்கள், அந்த இழுபறியெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்குப் பழைய கதை. 20 கிலோவுக்கு 600 என்றால் கிலோ 30 ரூபாய். கடை அரிசி 45-க்கும் 50-க்கும் போனபோதும் அந்த 600 அப்படியே இருந்தது. அதுவும் சொன்ன தேதியில் விழாது, தங்கைக்குச் சில நேரம் இரண்டு மூன்று மாதத்துக்கும் சேர்த்து வரும், அதற்குள் கடையில் கடன் ஏறியிருக்கும். "அரிசின்னா பானையில கெடக்கும். காசு கணக்குல இருந்தா ஆளாளுக்குக் கண்ணு" என்பார் தங்கை. பேங்க் வண்டிக்காரரின் ரேகை மெஷினில் விரல் விழாமல் மூன்று முறை திரும்பி வந்த கதையும் உண்டு. களை பிடுங்குகிற விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மாதத்தில் ஒரு நாள் அக்கா வீட்டு அரிசியில் நாலைந்து கிலோ ஒரு பையில் எல்லை தாண்டும். 2024 தீபாவளிக்கு முன்னால் புதுச்சேரியில் ரேஷன் கடையைத் திறந்து மறுபடி அரிசி போட ஆரம்பித்தபோது தங்கை அக்காவுக்குப் போன் போட்டு, இனிமே எனக்குக் கொண்டாராத என்று சொன்னதை அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் அதே புதுச்சேரி, ஃபெஞ்சலுக்கு அட்டைக்கு 5,000 கொடுத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் 2,000. தண்ணீர் ஒன்றுதான். அந்த ஐயாயிரத்தில் தங்கை 1,500-ஐ அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார், அது என் கணக்கில் வரவே இல்லை. அதற்கு நான் பில் கேட்கவில்லை அல்லவா.

காசா பொருளா என்று படித்தவர்கள் போடுகிற சண்டையில் எனக்கு இப்போது ஆர்வம் போய்விட்டது. சந்தை இருக்கிற இடத்தில், கைக்கு நேராக, சொன்ன தேதியில் வருகிற காசு நல்லது. இருந்த அரிசியைப் பிடுங்கிக்கொண்டு அதற்கு ஈடாகத் தருகிற காசு வேறு சமாச்சாரம். அப்புறம், எங்களை மாதிரி ஆட்கள் ஆண்டுக்கொரு முறை மனசு இளகிக் கொடுக்கிற காசு மூன்றாவது ரகம். அது எப்போதும் ஒரு ஜோடிக் கண்ணோடு வருகிறது. வாங்குகிறவர் அந்தக் கண்ணுக்கும் சேர்த்துச் செலவு செய்ய வேண்டும்.

மொய்யைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அன்று அதுதான் எனக்கு ஜீரணிக்கவே முடியாததாக இருந்தது. சாய்ப்பு போன வீட்டில் ஆயிரம் ரூபாய் மொய் எதற்கு? அக்காவின் பெண்ணுக்குச் சடங்கு வைத்தபோது அந்தப் பெரியப்பா வீட்டில் எழுதியது 700. அந்தச் சடங்கு மொய்தான் அப்போது மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவியது. வாங்கினதற்கு மேல் வைத்துத் திருப்ப வேண்டும், திருப்பாவிட்டால் அடுத்த முறை ஆள் வர மாட்டார்கள். எங்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கு நாலு எல்ஐசி பாலிசி இருக்கிறது, பிரீமியம் கட்டுகிற தேதி தவறியதில்லை.

2025 தீபாவளிக்கு அக்காவுக்கு 2,000 ரூபாய் அனுப்பினேன். மகள் நம்பருக்கு ஜிபேயில். குழுவிடம் சொல்லவில்லை. குறிப்பு எழுதுகிற இடத்தில் எதுவும் எழுதவில்லை, போன் போட்டும் சொல்லவில்லை. பணம் சேர்ந்துவிட்டது என்று ஒரு டிக் வந்தது, அவ்வளவுதான். நிம்மதியாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் ஆபீசில் இருந்தபோது மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கடலூர் ஜவுளிக்கடை பில். பாவாடை தாவணி ஒன்று, பையன் சட்டை ஒன்று, மொத்தம் 1,740. பில்லின் ஓரத்தில் பேனாவால், 'மீதி 260 அம்மாகிட்ட இருக்கு'.

என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை. மத்தியானம் வரை யோசித்துவிட்டு, தாவணி என்ன கலர் என்று கேட்டேன்.